பெருந்திட்டத்துக்கு ஆள் தயார் செய்வது: எந்த வேலைக்கு எந்த வழி?

மெட்ரோவோ அணையோ ரயில் பாதையோ, ஒரு பெரிய பொதுத் திட்டத்தின் அறிக்கையைப் பிரித்தால் சிமென்ட், கம்பி, ஜல்லி எல்லாவற்றுக்கும் மாதவாரிக் கணக்கு இருக்கும். அந்தக் கம்பியை வளைத்துக் கட்டப்போகிறவர்கள் எத்தனை பேர், எந்த மாதம் வேண்டும், அதற்குள் எங்கே தொழில் பழகியிருப்பார்கள் என்று தேடினால் பெரும்பாலும் ஒரு பத்திதான் கிடைக்கும். தேவையான ஆட்களை ஒப்பந்ததாரர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அதை நம்பி வேலையைத் தொடங்கிவிட்டு, இரண்டாம் வருடத்தில் வெல்டர் கிடைக்காமல் விழி பிதுங்குகிறோம்.

ஆள் தயார் செய்ய வழிகள் இல்லாமல் இல்லை. சந்தையில் கிடைப்பவர்களை எடுத்துக்கொள்ளலாம். திட்டமே சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி கட்டலாம். மொத்த வேலை நேரத்தில் இத்தனை சதவீதம் பயிற்சி பெறுபவர்களுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். துறை முழுவதிலும் வரி மாதிரி வசூலித்து, ஏற்கெனவே இருக்கும் நிறுவனங்கள் வழியாகப் பயிற்சி தரலாம். சைட்டிலேயே, வேலை நேரத்திலேயே கற்றுக்கொடுக்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் ஏதாவது ஒன்றை மொத்தத் திட்டத்துக்கும் தேர்ந்தெடுக்க நினைத்தால் பணம் வீணாகும். தொழில் தொழிலாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அதைக் கையில் பழக எவ்வளவு காலம் ஆகும்? திட்டம் முடிந்தபின் அந்தக் கைக்கு வேலை இருக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் வழியைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

முதலில் கணக்கு

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். 9,000 டன் கம்பி, 18 மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு 20 ஆள்-மணி (ஒருவர் ஒரு மணி நேரம் செய்யும் வேலை ஓர் ஆள்-மணி) என்றால் மொத்தம் 1,80,000 மணி. ஒருவர் மாதம் 200 மணி வேலை செய்தால் 900 ஆள்-மாதம். 18 மாதத்தில் வகுத்தால் சராசரியாக 50 பேர். அப்பாடா, 50 பேர்தானே என்று தோன்றும். ஆனால் வேலை சராசரியாக நடப்பதில்லை. அஸ்திவாரமும் தூண்களும் ஒன்றாக எழும் மாதங்களில் 80 பேர் வரை வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் 15 பேர் போதும். டன்னுக்கு எத்தனை மணி என்பது கம்பியின் அளவையும் கட்டும் இடத்தையும் பொறுத்து மாறும், அதனால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடும் பள்ளமுமாக வரும் அந்த வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கம்பி கட்டுபவர், ஷட்டரிங் (கான்கிரீட் வார்க்கும் அச்சுப் பலகை) கார்ப்பென்டர், வெல்டர், கிரேன் ஓட்டுநர், சிக்னல் டெக்னீஷியன் என்று ஒவ்வொரு தொழிலுக்கும், எந்த மாதம் எத்தனை பேர் என்று காட்டும் இப்படி ஒரு வரைபடம் வரைய வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி "திட்டத்துக்கு 4,000 பேர் தேவை" என்று ஒரே எண்ணாகச் சொல்வது எதற்கும் உதவாது. 4,000 பேர் கிடைத்துவிடுவார்கள். அவர்களில் நாம் தேடும் 12 பேர் இருக்க மாட்டார்கள்.

லண்டனின் கிராஸ்ரெயில் என்ற ரயில் பாதைத் திட்டம் இதை அழகாகக் காட்டுகிறது. 42 கிலோமீட்டர் சுரங்கத்தைத் தோண்டும் வேலை 2012இல் தொடங்கி 2015இல் முடிந்தது. சுரங்கத் தொழிலாளர்களைத் தயார் செய்வதில் அந்தத் திட்டம் எவ்வளவு அக்கறை எடுத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். 2018 டிசம்பரில் திறக்க வேண்டிய பாதை 2022 மே மாதம்தான் திறந்தது. இழுத்தடித்தது சுரங்கம் அல்ல. நிலையங்களின் உள்வேலைகளும், சிக்னல், ரயில், நிலையம் மூன்றையும் ஒன்றாக இணைத்துச் சோதிப்பதும்தான் தாமதமாயின. பயிற்சிக் குறைவுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆள் கணக்குப் போடும் நாம் மண் வேலையோடும் கான்கிரீட்டோடும் நின்றுவிடுகிறோம், கடைசி இரண்டு வருடத்து மின்னணு வேலைகளுக்கு யாரும் வரைபடம் போடுவதில்லை. அந்தப் பழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தையில் கிடைப்பவர்கள்

இது எல்லோரும் இயல்பாகச் செய்வது. அவமானம் எதுவும் இல்லை. ஏற்கெனவே நிறைய பேர் பழகியிருக்கும் தொழில்களுக்கு, குறுகிய கால உச்சத்தைச் சமாளிக்க, இதைவிட மலிவான வழி கிடையாது. பக்கத்தில் இன்னொரு பெரிய திட்டம் அதே மாதத்தில் உச்சத்துக்கு வந்தால்தான் சிக்கல். அப்போது இரண்டு திட்டமும் ஒரே வெல்டரை மாறி மாறி இழுக்கும். கூலி ஏறும், புதிதாக ஒரு வெல்டர்கூட உருவாகியிருக்க மாட்டார். ஒரே அரசின் இரண்டு துறைகள் இப்படி ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருக்கும், இரண்டு பேரின் வரைபடத்தையும் யாரும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைச் செய்ய ஒரு மதியம் போதும்.

சொந்தப் பள்ளி கட்டுவது

கிராஸ்ரெயிலுக்கு வருகிறேன். கிழக்கு லண்டனில் இல்ஃபோர்டு என்ற இடத்தில், தோண்டும் வேலை தொடங்குவதற்கு முந்தைய வருடமே, 2011இல், சுரங்க வேலைக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்தார்கள். ஒரு வருடம் முன்பே என்பது முக்கியம். எந்திரங்கள் மண்ணுக்குள் இறங்கும்போது முதல் அணி பயிற்சி முடித்துத் தயாராக இருந்தது.

எதற்கு இதற்கெல்லாம் தனிப் பள்ளி என்று கேட்கலாம். ஷாட்கிரீட் அடிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தோண்டிய சுரங்கச் சுவர்மேல் கான்கிரீட்டைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிப்பார்கள். நாசிலைப் பிடிப்பவர் சுவரிலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டர் தள்ளி, சுவருக்குச் செங்குத்தாகப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். கோணம் சாய்ந்தால் கலவை தெறித்துக் கீழே விழும். ரொம்பத் தள்ளி நின்றால் சுவரில் இறுகிப் பிடிக்காது. கம்பி வலை இருக்கும் இடத்தில் அவசரப்பட்டால் கம்பிக்குப் பின்னால் காற்றுப் பை நின்றுவிடும், மேலே பார்த்தால் வழவழவென்று முழுசாகத் தெரியும். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று சுவரை நம்பி அடியில் நிற்பவருக்குத் தெரியாது. இதைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது, உண்மையான சுரங்கத்துக்குள் முதல் தடவை முயன்று பார்க்கவும் முடியாது. மாதிரிச் சுவர் கட்டி, அடித்து, காய்ந்த பிறகு துளையிட்டுப் பார்த்து, தப்பு எங்கே என்று காட்டிக்கொடுக்க ஓர் இடம் வேண்டும்.

ஆகவே தனிப் பள்ளிக்கு என் அளவுகோல் இதுதான்: வெளியே ஆள் இல்லாத தொழில், தப்பு செய்தால் உயிர் போகிற தொழில், சைட்டில் பழகிப் பார்க்க இடமில்லாத தொழில். மூன்றும் சேர்ந்தால் கட்டலாம். கம்பி கட்டுவதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் புதுக் கட்டடம் எழுப்புவது திறப்பு விழாவுக்கு மட்டும்தான் உதவும்.

அதே நாட்டில் நடந்த இன்னொரு கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹெச்எஸ்2 அதிவேக ரயில் திட்டத்தை மனதில் வைத்து பர்மிங்ஹாம், டான்காஸ்டர் இரண்டு ஊர்களிலும் 2017இல் ஒரு தேசியக் கல்லூரி திறந்தார்கள். திட்டத்தின் ஒப்பந்தங்கள் தள்ளிப்போயின. ஒப்பந்தம் கையில் வராத நிறுவனம் எதை நம்பி அப்ரென்டிஸ் (வேலை செய்துகொண்டே தொழில் பழகுபவர்) எடுக்கும்? எதிர்பார்த்த அளவு மாணவர்கள் சேரவில்லை, அரசு கூடுதல் பணம் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது, பெயர் மாறியது, பிறகு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்குப் போனது. நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரே ஒரு திட்டத்தின் தேதியில் கழுத்தைக் கட்டிக்கொண்ட பள்ளி, அந்தத் தேதி நகர்ந்தால் மூச்சுத் திணறும். பெருந்திட்டங்களில் தேதி நகராமல் இருப்பது அபூர்வம்.

இதற்கு மாற்றாக ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. டெல்லி மெட்ரோ 2002இல் ஓடத் தொடங்கியபோது, அதன் தொடக்ககால ஊழியர்கள் சிலரை ஹாங்காங் மெட்ரோவுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். கூடவே சாஸ்திரி பார்க்கில் சொந்தப் பயிற்சி நிலையத்தையும் அமைத்தார்கள். பின்னால் மற்ற நகரங்களின் மெட்ரோ நிறுவனங்கள் தங்கள் ஆட்களைப் பழக்க அங்கே அனுப்பின. அது நிலைத்ததற்குக் காரணம் எளிது. அங்கே பழகுவது ரயிலை இயக்கவும் பராமரிக்கவும். கட்டுமானம் ஐந்தாறு வருடத்தில் முடியும், ரயில் பல பத்தாண்டுகள் ஓடும். சொந்தப் பள்ளி என்று முடிவெடுத்தால், கட்டுவதற்கு ஆள் பழக்கும் பகுதியைச் சின்னதாகவும் தற்காலிகமாகவும் வைத்து, நடத்துவதற்கு ஆள் பழக்கும் பகுதியை நிரந்தரமாகக் கட்டுவது புத்திசாலித்தனம்.

ஒப்பந்தத்தில் எழுதுவது

எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ள வழி இது, அதனால் இதில் உள்ள ஓட்டைகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2016 முதல் ஒரு விதி இருக்கிறது. 2 கோடி டாலருக்கு மேற்பட்ட அரசுக் கட்டுமானத் திட்டங்களில் மொத்த வேலை நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் அப்ரென்டிஸ்கள், பயிற்சி பெறுபவர்கள், படித்துக்கொண்டே வேலை பழகும் கேடட்கள் செய்ததாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2022ஆம் வருடத்துப் பணவீக்கக் குறைப்புச் சட்டம், தூய்மை எரிசக்தித் திட்டங்கள் முழு வரிச் சலுகை பெற வேண்டுமானால் வேலை நேரத்தில் ஒரு பங்கு அப்ரென்டிஸ்களுடையதாக இருக்க வேண்டும் என்றது. அந்தப் பங்கு 10 சதவீதத்தில் தொடங்கி, 2023க்குப் பிறகு தொடங்கும் கட்டுமானங்களுக்கு 15 சதவீதம் ஆனது.

தலையை எண்ணாமல் மணியை எண்ணுவதுதான் இதில் இருக்கும் நல்ல யோசனை. "100 பேருக்குப் பயிற்சி தர வேண்டும்" என்று எழுதினால், நூறு பேரை இரண்டு வாரம் உட்கார வைத்து, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து முடித்துவிடலாம். மணிக்கணக்கு என்றால் அவர்களை மாதக்கணக்கில் வேலையில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, இதில் எங்கே தப்பிக்கலாம்? பயிற்சி பெறுபவர் என்று பெயர் எழுதிவிட்டு, நாள் முழுக்கச் சாமான் தூக்கவும் இடத்தைக் கூட்டவும் விடலாம். மணி சேரும், தொழில் சேராது. இதற்கு மருந்து லாக்புக். அதில் "இன்று 8 மணி" என்று எழுதினால் போதாது. இன்று என்ன செய்தார், எந்த வேலையை முதல் தடவை தனியாகச் செய்தார், யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்று இருக்க வேண்டும். ஒரு நல்ல லாக்புக்கை ஒரு தடவை பார்த்தேன். மூன்று மாதம் வரை பக்கத்துக்குப் பக்கம் "உதவி, உதவி, உதவி" என்று இருந்தது. நான்காவது மாதத்தில் ஒரு நாள் "தூண் கம்பி, 4 வளையம், தனியாக" என்று எழுதி, பக்கத்தில் மேஸ்திரி "இடைவெளி சரி, கவர் பிளாக் மறந்துவிட்டான்" என்று குறித்திருந்தார் (கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் நடுவே வைக்கும் சின்னக் கட்டிதான் கவர் பிளாக்). பயிற்சி நடக்கிறது என்பதற்கு அந்த ஒரு வரியைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவது ஓட்டை விலையில் இருக்கிறது. பயிற்சிச் செலவை ஒப்பந்ததாரர் தன் விலைக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று டெண்டரில் எழுதினால், குறைந்த விலை கேட்டவருக்கே வேலை போகும் இடத்தில், பயிற்சிக்கு உண்மையாகப் பணம் ஒதுக்கியவர் தோற்றுப்போவார். அதனால் பயிற்சியை அளவுப் பட்டியலில் தனி வரியாகப் போட வேண்டும். இத்தனை பயிற்சி மணி, மணிக்கு இவ்வளவு, லாக்புக் சரிபார்த்த பிறகு பில் பாஸாகும். கான்கிரீட்டுக்குக் கன மீட்டர் கணக்கில் பணம் கொடுக்கும்போது இதற்கு மட்டும் ஏன் வெறும் வாக்குறுதி?

மூன்றாவது, முதன்மை ஒப்பந்ததாரரிடம் பெரும்பாலும் தொழிலாளர்களே இருக்க மாட்டார்கள். இன்ஜினியரும் சூப்பர்வைசரும்தான் அவருடைய ஆட்கள். கையில் தொழில் இருப்பவர்கள் எல்லாம் துணை ஒப்பந்ததாரரிடமும், அவருக்கும் கீழே உள்ள மேஸ்திரியிடமும் இருக்கிறார்கள். விதி மேலே நின்றுவிட்டால் அது அலுவலகத்தில் பயிற்சி பெறுபவர்களை மட்டும் உருவாக்கும். துணை ஒப்பந்தங்களிலும் அதே வரி, அதே மணிக்கணக்கு, அதே விலை இருக்க வேண்டும்.

அப்புறம் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று. முழு அப்ரென்டிஸ் பயிற்சிக்கு இரண்டிலிருந்து நான்கு வருடம் ஆகும். வேலை தொடங்கும் நாளில் சேர்ந்தவர் கை தேர்ந்து நிற்கும்போது திட்டம் முடிந்துகொண்டிருக்கும். ஆக, இந்த வழி நம் திட்டத்தின் பற்றாக்குறையைத் தீர்க்காது, அடுத்த திட்டத்தினுடையதைத் தீர்க்கும். பொதுப் பணத்தில் கட்டுகிறவர்கள் அதைச் செய்யத்தான் வேண்டும் என்பது என் கட்சி. நாம் இன்று எடுக்கும் மேஸ்திரிகளும் யாரோ ஒரு பழைய திட்டத்தில் பழகியவர்கள்தானே.

துறை முழுவதிலும் வசூலிப்பது

பிரிட்டனில் 1964ஆம் வருடச் சட்டத்தின் கீழ் கட்டுமானத் துறைக்கென்று பயிற்சி வாரியம் வந்தது. நிறுவனங்களின் சம்பளப் பட்டியலைக் கணக்கிட்டு ஒரு சிறு பங்கை வசூலித்து, பயிற்சி தருகிறவர்களுக்கு மானியமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆள் பழக்கும் நிறுவனம் செலவு செய்ய, பழக்காத நிறுவனம் பழகிய ஆளைத் தட்டிக்கொண்டு போகும் அநியாயத்துக்கு இது ஓரளவு ஈடு. நீண்ட காலத்துக்கு அவசியமான ஏற்பாடு. ஆனால் ஒரு திட்டத்தின் முடிவாக இதை எடுக்க முடியாது. ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம், இல்லையென்றால் நம் திட்டம் முடிவதற்குள் வராது. இருக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களோடு சேர்ந்து பாடத்தை மாற்றிக்கொள்வது இதைவிடக் கைக்கெட்டும் வேலை. நம் சைட்டில் பயன்படுத்தப்போகும் ஷட்டரிங் முறையின் ஒரு செட்டை அங்கே கொண்டுபோய் வைத்தால்கூடப் பாதி வேலை முடிந்த மாதிரி.

வேலை நேரத்திலேயே பழக்குவது

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் பழையது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1933இல் நாரிஸ் அணையைக் கட்டத் தொடங்கியபோது ஷிஃப்டை ஐந்தரை மணி நேரமாக வைத்தது. பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் கிடந்தவர்களில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது ஒரு காரணம். மீதி நேரத்தில் தொழிலாளர்கள் வகுப்புக்குப் போகலாம் என்பது இன்னொன்று. அணை 1936இல் முடிந்தது. பத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தவரை மாலையில் வகுப்பில் உட்கார வைத்தால் தூங்கத்தான் செய்வார். பழக நேரம் வேண்டுமென்றால் அதை வேலை நேரத்திலிருந்து எடுக்க வேண்டும், அதற்குக் கூலி கொடுக்க வேண்டும்.

சைட்டில் பழக்குவதன் பலம், ஏற்கெனவே இருப்பவர்களை மேலே தூக்குவது. பத்து வருடமாகக் கம்பி கட்டுகிற ஒருவரிடம் சான்றிதழ் இருக்காது. அவரை முதலாம் பாடத்திலிருந்து உட்கார வைப்பது அவமரியாதை. கையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் சோதித்து, வரைபடம் படிப்பது மாதிரி விட்டுப்போன ஒன்றிரண்டை மட்டும் சொல்லிக்கொடுத்து, சான்றிதழ் தருவது இரண்டே வாரத்தில் முடியும். மொத்த ஏற்பாட்டிலும் மலிவாக, வேகமாகப் பலன் தருவது இதுதான். திட்ட அறிக்கைகளில் இது வருவது அரிது.

அதோடு ஃபோர்மேன், மேஸ்திரி மட்டத்தைத் தயார் செய்வதும் இங்கேதான் நடக்க முடியும். புதிதாக வந்தவர்கள்தான் முதல் சில வாரங்களில் அதிகம் அடிபடுகிறார்கள். கட்டுமானத்தில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். அந்த வாரங்களில் அவர்கள் பக்கத்தில் நிற்பவர் மேஸ்திரி. நன்றாக வேலை தெரிந்தவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பல பேர் "பார்த்துக் கத்துக்கோ" என்பதோடு சரி. ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுவது, செய்ய விட்டுப் பார்ப்பது, திட்டாமல் திருத்துவது இவையும் பழக வேண்டியவை. ஐந்து நாள் பயிற்சியும், பயிற்சி பெறுபவரைத் தேற்றியதற்குத் தனித் தொகையும் கொடுத்தால் ஒரு மேஸ்திரி தன் வாழ்நாளில் ஐம்பது பேரைத் தேற்றுவார்.

ஆக, என்ன முடிவு?

கணக்கு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கம்பி, ஷட்டரிங், கொத்து மாதிரி பரவலான தொழில்களுக்கு, உச்சத்தைச் சந்தை பார்த்துக்கொள்ளட்டும். கீழே உள்ள நிலையான எண்ணிக்கைக்கு ஒப்பந்த மணிக்கணக்கும், இருப்பவர்களைச் சோதித்துச் சான்றளிப்பதும் போதும். ஷாட்கிரீட், சுரங்க எந்திரம், உயர் அழுத்தக் குழாய் வெல்டிங் மாதிரி இரண்டு மூன்று தொழில்களுக்கு மட்டும், வேலைக்கு ஒரு வருடம் முன்பே, கழற்றி எடுத்துப்போகக்கூடிய சின்னப் பள்ளி. சிக்னல், மின்சாரம், ஒருங்கிணைப்புச் சோதனைக்கு வரப்போகும் ஆட்களை, பின்னால் அதை நடத்தப்போகும் நிறுவனமே இப்போதே சம்பளத்தில் எடுத்து, சோதனைக் காலத்திலேயே உள்ளே விட வேண்டும்.

பணம் குறைவாக இருந்து ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், பள்ளியை விட்டுவிட்டு டெண்டரின் அளவுப் பட்டியலில் பயிற்சிக்கான அந்தத் தனி வரியைப் போடுங்கள். டெண்டர் போன பிறகு அதைச் சேர்க்க முடியாது. பள்ளியைப் பின்னால்கூடக் கட்டலாம்.

திட்டம் தள்ளிப்போனாலோ ஒப்பந்ததாரர் வேலையை முடித்துக் கிளம்பினாலோ பாதி பழகிய பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதற்கும் டெண்டர் போகும் முன்பே பதில் வேண்டும். லண்டனில் கிராஸ்ரெயில் தோண்டி முடித்தது 2015இல், அடுத்த பெரிய வேலையான தேம்ஸ் கழிவுநீர்ச் சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கியது 2018இல். இந்த மாதிரி இடைவெளியில்தான் ஆட்கள் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதற்கென்று குழுப் பயிற்சி அமைப்புகள் இருக்கின்றன. அப்ரென்டிஸுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி அந்த அமைப்புதான். அது அவரை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி அனுப்பும். ஒரு சைட் மூடினால் லாக்புக்கை எடுத்துக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போவார், முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதில்லை. நம் திட்டத்தில் பயிற்சி பெறுபவர்களை ஒப்பந்ததாரரின் பெயரில் சேர்க்காமல் இப்படி ஒரு பொது அமைப்பின் பெயரில் சேர்ப்பதற்குக் கூடுதல் செலவு, ஒரு சின்ன அலுவலகமும் நாலைந்து ஊழியர்களும்தான்.